வெறும் சுண்ணாம்பு

சுவரில் இருக்கும் படத்தை இல்லாமல் ஆக்க இரண்டு வழி உண்டு. சுண்ணாம்பைக் கரைத்து மேலே அடித்துவிடலாம். பார்வைக்கு வெள்ளையாகிவிடும். ஆனால் அடியில் இருப்பது எனாமல் பெயின்ட் என்றால் சுண்ணாம்பு அதைப் பிடிக்காது, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். ஐப்பசியில் நல்ல மழை விழுந்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துபோய், பழைய படம் முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி நிற்கும். இன்னொரு வழி, படத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, பசை கலந்த வெள்ளை சிமென்ட்டை இரண்டு கோட் அடிப்பது. அப்படி அடித்தால் அந்தப் படம் செத்ததுதான். அதன்மேல் அடுத்து எதை வரைந்தாலும் வருஷக்கணக்கில் நிற்கும்.

பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. எங்களைப் போன்ற சுவர் எழுதுகிறவர்கள் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்போம். வெறும் சுண்ணாம்பு என்றால் விரலில் ஒட்டும்.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து திருவாரூர் போகிற பக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லையே தவிர, எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைப் பெயர், கல்யாண மண்டபம், உர மூட்டை விளம்பரம், தேர்தல் சமயத்தில் கட்சி. ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயசிலிருந்தே வராது. சுவரைப் பார்த்தபடி நிற்கிற வேலை என்பதால் இது எனக்குப் பொருந்திப் போனது. முதுகுக்குப் பின்னால் யார் என்ன சொன்னாலும் திரும்ப வேண்டியதில்லை.

என் கூட்டாளியை ஊரில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். நானும் அப்படித்தான். அவருக்கும் ஏறக்குறைய என் வயசு. என்னை மாப்ள என்பார். முகம் அவர் போடுவார், எழுத்து நான் எழுதுவேன். எங்கள் தொழிலில் இப்படி ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். சாரத்தில் அவர் மேலே நிற்பார், நான் கீழே நிற்பேன். அவர் பேசிக்கொண்டே வரைவார். நான் கேட்டுக்கொண்டே எழுதுவேன். எல்லாக் கட்சித் தலைவர்களையும் அவர் போட்டிருக்கிறார். "இவங்க எல்லாம் நெஜத்துல சிரிச்சு நீ பார்த்திருக்கியா மாப்ள? என் கையாலதான் சிரிக்கிறாங்க" என்பார்.

அவர் கைக்கு மிகவும் பழகிய முகம் ஒன்று இருந்தது. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். அந்தப் பதவியை வைத்தே எல்லோரும் அவரை ஒன்றியம் என்று சொல்வோம். பிறந்த நாள், வரவேற்பு, நன்றி அறிவிப்பு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சுவரில் அவரைப் போடுவோம். ஒருமுறை அவரே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "மீசையை இன்னும் கொஞ்சம் தூக்கு பாய்... இன்னும் கொஞ்சம்... அங்க நிறுத்து" என்று சொல்லிச் சொல்லித் திருத்தினார். அதற்குப் பிறகு பாய்க்கு அந்த முகத்துக்குப் போட்டோவே வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் துளை போட்டு எரிவாயு எடுக்கப் போவதாகச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். உளுந்து தெளித்திருந்த வயலுக்குள் ஜீப்பை இறக்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுக்கொண்டே போனார்கள். குழாய் பதிக்கிற வேலை ஒன்றியத்தின் மைத்துனருக்கு என்று பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் வாய்க்கால் கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்ப் பறைக் குழு சாயங்காலம் வந்து அடித்தது. பாட்டுக் கட்டுகிற ஒருவர் நாளுக்கொரு பாட்டோடு வந்தார். பாய் சும்மா இருப்பாரா?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் மூடிக்கிடக்கிற ரைஸ் மில்லின் மதில் சுவர் எங்கள் பக்கத்திலேயே நீளமான சுவர். மில்காரரின் வயலிலும் குச்சி நட்டிருந்தார்கள். அந்தக் கோபத்தில் அவர், "எழுதுங்கப்பா, என்ன வேணா எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். பாய் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் முடித்தார். அகலமாக ஒரு பச்சை வயல். வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்றியம் உட்கார்ந்திருக்கிறார். இளநீர்க் கடையில் குடிக்கிற மாதிரி வயலுக்குள் பெரிய ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பயிர் மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. கன்னம் இரண்டும் உள்ளே ஒடுங்கியிருக்கின்றன. மீசை மட்டும் அவர் சொல்லிக் கொடுத்த அதே அளவில், தூக்கலாக.

"எனாமல்லயா போடறீங்க?" என்று கேட்டேன். செலவு கூடுதல், எங்களுக்குக் கூலியும் கிடையாது.

"மழைக்கு நிக்கணும் மாப்ள. இது ஒண்ணாச்சும் நிக்கட்டும். நீ கீழ ஒரு வரி எழுதேன்."

"என்னன்னு?"

"உனக்கே தோணும்."

எனக்குத் தோன்றியதை எழுதினேன். ‘தாகம் அடங்குச்சா?’ அவ்வளவுதான். நான் சொந்தமாக ஒரு வரி எழுதியது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் யாரோ துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது.

பஸ் வந்து நின்றால் ஜன்னல் பக்கம் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் கூட நிறுத்தினார். அடுத்த நாள் ஒன்றியத்தின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். எதிரில் டீக்கடையில் இருந்த எங்களை அவர் கவனிக்கவில்லை. கை தானாகப் போய் மீசையைத் தடவியது. கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

"பாத்தியா, சரியா இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிறாரு" என்றார் பாய். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்புக்கு டீக்கடைக்காரர், "யோவ், க்ளாஸை உடைச்சிராதீங்க" என்றார்.

அந்த வாரமே பந்தலைப் பிரித்தார்கள். போலீஸ் வேனில் நிறையப் பேரை ஏற்றிப்போனார்கள். மற்றவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பாயை மட்டும் மறுநாள் வீட்டில் வந்து பிடித்தார்கள். கலவரம் தூண்டியது, இரண்டு பிரிவினருக்குள் பகை உண்டாக்கியது என்று பல பிரிவுகளில் கேஸ் போட்டு ஜெயிலுக்கு அனுப்பினார்கள். படத்தில் இருந்த ஆள் ஒரு மதம், வரைந்தவர் ஒரு மதம். அது எங்களுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. அவர்களுக்குத் தோன்றியிருந்தது.

பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பாட்டுக் கட்டியவர், இனி பாடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் பேராவூரணிக்குப் போய்விட்டார். பறைக் குழு, மாசி மகத்துக்கு வந்த மந்திரிக்கு வரவேற்பு அடித்தது. மில்காரர், தன்னைக் கேட்காமல் சுவரில் வரைந்துவிட்டார்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆளுக்கொரு வீடு இருக்கிறது, வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

எழுத்து யார் கை என்று பாயிடம் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டும் நான்தான்" என்று சொல்லிவிட்டார். இது எனக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பியபோதுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிற்க வைத்துச் சாப்பிட்டு முடித்தார். "முகம் போடறவன் எழுத மாட்டானாமே, அப்படியா?"

நான் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

"ஊமையா இவன்?" என்று ஏட்டைக் கேட்டார்.

"கூச்ச சுபாவம் சார். எப்பவுமே அப்படித்தான்" என்றார் ஏட்டு. அவர் எங்கள் ஊர்ப் பக்கம்.

"கூச்சப்படறவனுக்கு என்ன கேள்வி வருது பாரு, தாகம் அடங்குச்சான்னு." இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. படம் இனிமே வேணாம். நீயே அழிக்கிற. நாளைக்குக் காலையில. ஏட்டு வந்து உக்காந்திருப்பாரு. நீ எப்படி அழிக்கிறங்கறதுலதான் நீ யாருன்னு எனக்குத் தெரியும். போ."

வீட்டுக்கு வந்து வாளியைக் கழுவி வைத்தேன். சுண்ணாம்பு இருந்தது. உப்புத்தாளும் இருந்தது. எதை எடுப்பது என்று நினைக்கக்கூட இல்லை. அப்போதுதான் பாயின் மனைவி வந்தாள். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அன்று காலையில்தான் மனுப் போட்டு ஜெயிலில் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மேலே போட்டிருந்த கருப்புப் பர்தாவெல்லாம் பஸ் புழுதி.

"உள்ள வாங்க தங்கச்சி" என்றேன். வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"படத்தை உங்களை வச்சே அழிக்கச் சொல்லுவாங்கன்னு அவங்களுக்கு அங்கேயே தெரிஞ்சிருக்குண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. வெறும் சுண்ணாம்பா அடிக்கச் சொல்லு, மாப்ளைக்குப் புரியும்னாங்க."

புரிந்தது. தலையாட்டினேன்.

"எனக்குப் புரியலை. பக்கத்துல ஆளுங்க நிக்கறப்பவே கேட்டேன். மழை பெஞ்சா படம் திரும்ப வரும்னு சிரிச்சாங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு சிரிக்கிறாங்கண்ணே." அவள் பர்தா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க சொன்னதை நான் சொல்லிட்டேன். சொல்லாம விட்டா அது தப்பு. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அது திரும்ப வரக் கூடாது."

நான் கழுவி வைத்த வாளியைப் பார்த்தேன்.

"வக்கீலு சொல்றாரு, இப்ப இருக்கிற கேஸுக்கு ஜாமீன் வாங்கிடலாமாம். அந்தப் படம் இன்னொரு தரம் வெளிய தெரிஞ்சா, ஆளுங்களை வச்சு மறுபடி வரைஞ்சான்னு குண்டாஸ்ல போட்டுருவாங்களாம். போட்டா ஒரு வருஷம் ஜாமீனே கிடையாதாம். என் தம்பி துபாய்ல விசா ரெடி பண்ணி வச்சிருக்கான். போர்டு எழுதற கம்பெனி. கேஸு முடிஞ்சாத்தான் பாஸ்போர்ட்டு. சித்திரையில ஒரு கோடை மழை அடிச்சா என்னண்ணே பண்ணுவேன்? வானத்தைப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பேன்?"

"பாய் சொன்னது..."

"அவங்களுக்குப் படம் வேணும். எனக்கு அவங்க வேணும். நீங்க யாருக்குக் கூட்டாளின்னு நீங்களே பாத்துக்கங்க." போகத் திரும்பியவள் நின்றாள். "நான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா என்கூட இருக்க மாட்டாங்க."

மறுநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

பங்குனி வெயில். ஏட்டு புங்கமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் என் எழுத்தைத் தேய்த்தேன். அது சின்ன வேலை. பிறகு வயல். பச்சைத் தூள் கை முழுக்க அப்பி, வியர்வையோடு முழங்கை வழியாக வழிந்தது. எனாமல் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. பாய் இரண்டு கோட் கொடுத்திருந்தார். தேய்க்கத் தேய்க்க அடியில் அவர் சாக்பீஸால் போட்ட முதல் கோடுகூடத் தெரிந்தது. ஸ்ட்ராவை அவர் முதலில் வளைவாகப் போட்டு, பிறகு அழித்து நேராக்கியிருக்கிறார். எனக்கு அது அதுவரை தெரியாது.

உளுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "நல்லாத் தேயுங்கய்யா. ரத்தம் வர்ற வரைக்கும் தேயுங்க. அப்பவாச்சும் அந்தாளுக்குச் சொரணை வருதான்னு பாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

"அது கெடக்கட்டும். எழுதுன கையே அழிக்குதே, அந்தக் கைக்கு வலிக்காதா?" என்றாள் அவளே.

ஏட்டு தலையை நிமிர்த்தினார். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றவள் சட்டென்று, "ஏய், வாயை மூடிக்கிட்டு வாடி. பஸ்ஸு வருது, இவ ஒருத்தி" என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். பஸ் வந்திருக்கவில்லை. ஏட்டு கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்புறம் செல்போனில் பாட்டுச் சத்தம் கேட்டது.

கடைசியில் முகம். கன்னத்தில் ஆரம்பித்து மீசைக்கு வந்தேன். மீசை போனதும் அது யாராகவும் இல்லாமல் ஆகிவிட்டது, வெறுமனே தாகத்தோடு உறிஞ்சுகிற ஒரு மனிதனாக. பிறகு பசை கலந்த வெள்ளை, ஒரு கோட். காய்ந்ததும் இன்னொன்று.

தங்கச்சி வந்து சொல்லாமல் இருந்தால் நான் எந்த வாளியை எடுத்துப் போயிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏட்டுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். ஆனால் இன்ஸ்பெக்டரின் பேச்சு என் காதில் இருந்தது. பயந்தவனுக்குத் தங்கச்சி சொன்னது வசதியாகப் போயிற்றா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

சித்திரைக் கடைசியில் பாய் ஜாமீனில் வந்தார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. பந்தல் இருந்த இடத்துக்கும் மில் சுவருக்கும் பக்கத்தில் போகக் கூடாது என்று நிபந்தனை. அதனால் எங்கள் நிறுத்தத்தில் இறங்காமல், அதைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வரப்பு வழியாக நடந்து என் வீட்டுக்கு வந்தார். தாடி வைத்திருந்தார். விரல்களில் பெயின்ட் கறை முழுக்கப் போயிருந்தது. அந்தக் கையை அப்படிச் சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

"பஸ்ல வர்றப்ப பாத்தேன் மாப்ள. வெள்ளை வெளேர்னு நிக்குது. நல்லா நடிக்குது" என்று கண்ணடித்தார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் தங்கச்சியுடையது. டீ போட எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஆடி போனது, ஆவணி போனது, பெரிய மழை ஒன்றும் வரவில்லை. கேஸ் நகரவில்லை. பாய்க்கு எந்தக் கடைக்காரரும் வேலை தரவில்லை. எனக்கு வந்த வேலைக்கு அவரையும் கூட்டிப் போனால், "நீங்க மட்டும் வந்தாப் போதும்" என்றார்கள். புரட்டாசியில் ஒன்றியம் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தேர்தலுக்கு இன்னும் காலம் இருந்தது. ஆனால் சீட் கேட்கிறவர்கள் முன்கூட்டியே சுவர் பிடிப்பார்கள்.

அவர் வீட்டு வராந்தாவில் பத்துப் பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நின்றோம்.

"என்ன பாய், எம்மேல கோவமா?"

"உங்க மேல கோவப்பட முடியுமாண்ணே?"

"முடியாதுல்ல. அப்படித்தான் இருக்கணும்." சிரித்தார். "மூஞ்சியெல்லாம் நல்லாத்தான்யா போட்டிருந்த. எனக்கே ஆசையா இருந்துச்சு. ஸ்ட்ராவைத்தான் தேவையில்லாம சொருகிட்ட."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார்.

"அதே செவுரு, அதே மூஞ்சி. ஸ்ட்ரா கிடையாது. கும்பிட்ட மாதிரி போடு. ஊருக்கே தெரியணும், பாய்தான் போட்டான்னு. கேஸு வாபஸ் ஆயிரும். பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வந்தா ஸ்டேஷன்ல நல்லவிதமாச் சொல்லுவாங்க. செவுத்துப் பக்கம் போறதுக்கும் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டேன். என்ன சொல்ற?"

யோசிக்கிறேன் என்று சொல்வார், இல்லை கையை விரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "என்னைக்கு ஆரம்பிக்கணும்ணே?" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியை அவர் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் நாற்றங்கால். ஊர் தாண்டியதும் வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன பாய்?"

"யோசிச்சுப் பாரு மாப்ள. நான் இப்ப போடற மூஞ்சி எதுமேல நிக்குது? நீ அடிச்ச வெறும் சுண்ணாம்பு மேல. ஐப்பசி மழை அடிக்கும். கும்புடற மூஞ்சி பொருக்கு பொருக்கா விழும். அடியில யாரு? ஸ்ட்ராவோட உக்காந்திருப்பாரு! ஊரே பஸ்ஸுக்கு நிக்கும். நான் அன்னைக்கு துபாய்ல இருப்பேன். ஒரு போட்டோ மட்டும் அனுப்பிரு, போதும்."

அந்தக் காற்றிலும் அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மழையில் அந்தப் படம் வந்தால் நான் இங்கேதான் இருப்பேன், அழித்தவன் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை. ஜெயிலில் அத்தனை நாளும் அவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அதனால்தான் அங்கே அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடிந்திருக்கிறது, சரி என்று சொல்ல முடிந்திருக்கிறது. யாரையும் விட்டுக்கொடுக்காமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

ஒரு வாரம் கழித்துச் சாரம் கட்டினோம். ஒன்றியத்தின் ஆட்கள் நாலைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். எதிரில் பஸ் நிறுத்தத்தில் வழக்கமான கூட்டம். பாய் தாடியை எடுத்திருந்தார். சட்டையைக் கழற்றிக் கம்பில் மாட்டிவிட்டு, வேலை தொடங்கும்போது எப்போதும் செய்கிற மாதிரி சுவரின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார்.

விரலைப் பார்த்தார். வேறு இடத்தில் தேய்த்தார். கீழே குனிந்து, என் எழுத்து இருந்த இடத்திலும் தேய்த்தார். விரலில் ஒன்றும் இல்லை.

என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "உப்புத்தாளா?"

"ஆமா."

"பசை?"

"ஆமா பாய்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதா, ஒன்றுமே விளங்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியாது. பின்னாலிருந்து ஒருவன், "என்ன பாய், செவுத்தைத் தடவிக்கிட்டே நிக்கிறீங்க? ஸ்ட்ரா எங்க சொருவலாம்னு பாக்கிறீங்களா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

சாக்பீஸ் பாயின் கையில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். போனால் கேஸ் இருக்கும், கையெழுத்து இருக்கும், விசா போய்விடும். வராந்தாவில் சரி என்று சொன்னது அந்த மழையை நம்பி. இப்போது மழை இல்லை. அவர் கை கொஞ்ச நேரம் சுவரின் மேல் அப்படியே இருந்தது. பிறகு நெற்றிக்கு ஒரு கோடு இழுத்தார்.

அன்று முழுக்க அவர் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் வரைந்து நான் பார்த்தது அன்றுதான். கையைக் குறைத்துக்கொண்டு ஏனோதானோ என்று போடுவார் என்று ஒரு நினைப்பு எனக்கு. அப்படிப் போட அவருக்கு வராது. கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி வைத்தார், சாலையின் எந்தப் பக்கம் நின்றாலும் நம்மைப் பார்க்கிற மாதிரி. மீசை அதே தூக்கல். இவ்வளவு நல்ல முகத்தை அவர் அதற்கு முன் போட்டதில்லை. பஸ் ஜன்னல்களில் யாரும் சிரிக்கவில்லை. உளுந்துக்கு வந்த அந்தப் பெண் நடவுச் சேற்றோடு நின்றிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

சாரத்திலிருந்து இறங்கி, "நீ எழுது" என்றார். துண்டுக் காகிதத்தில் அவர்கள் தந்திருந்த வரியை நான் எழுதினேன்.

கேஸ் முடிந்தது. பாஸ்போர்ட் வந்தது. அவர் கிளம்பியபோது என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் பஸ் ஏற்றிவிடப் போகவில்லை. அங்கே கார் நிறுத்துகிற இடங்களில் கோடு போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். கோடும் அம்புக்குறியும் எண்ணும்தானாம். முகம் கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசி மழை கார்த்திகைக் கடைசி வரைக்கும் பலமாகத்தான் அடித்தது. வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. வேலை இல்லாத ஒரு நாள், நனையாமல் இருக்கப் பஸ் நிறுத்தத்து ஷெட்டில் நின்றிருந்தேன். எதிரில் சுவர். புழுதியெல்லாம் கழுவிப் போய் முகம் புதிதாக இருந்தது. மீசை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொருக்குகூட எழும்பவில்லை. குழாய் ஏற்றிய லாரிகள் அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

குடையை மடக்கிக்கொண்டு தங்கச்சி வந்து பக்கத்தில் நின்றாள். திருவாரூருக்கு, பேங்க்குக்கு என்றாள். பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "போன் பண்ணுவாங்க. நல்லா இருக்கியா, சாப்பிட்டியாம்பாங்க. அப்புறம் வச்சிருவாங்க" என்றாள். அவளும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்பண்ணே அழியும்?"

"அழியாது தங்கச்சி. அப்படித்தான் அடிச்சிருக்கு."

பஸ் வந்து நின்று சுவரை மறைத்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் மழை விடுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.